குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு உதவ சென்னையில் ஒரு அமைப்பு தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்யலாம்?

நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துண்டு, பழம், சத்துமாவு வைத்து ஒரு பை தயார் செய்து வார்டில் கொடுக்கலாம் என்ற பேச்சு இந்நேரம் வந்திருக்கும். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். வயிற்றிலேயோ, பிறந்த சில நாளிலோ பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு முதல் வாரத்தில் நடந்தே ஆகவேண்டிய காரியங்கள் சில உண்டு. வீட்டார் துக்கத்தில் இருப்பார்கள், நர்ஸுகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, கெடு தாண்டிவிடும். அந்தக் கெடுவை நினைவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க ஓர் ஆளைத் தாருங்கள். அதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம்.

முதலில் ரத்த வகை. தாய் ஆர்எச் நெகட்டிவ் என்றால், குழந்தையும் நெகட்டிவ் என்று உறுதியானால் ஒழிய, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். "புள்ளையே இல்ல, ஊசி எதுக்கு" என்று வீட்டில் மறுப்பார்கள். விட்டால் அடிபடுவது அடுத்த கர்ப்பம். அடுத்தது நஞ்சுக்கொடி. குழந்தை ஏன் இறந்தது என்று பின்னால் தெரிந்துகொள்ள அதுதான் பெரிய தடயம், ஆனால் பல இடங்களில் குப்பையோடு போய்விடுகிறது. திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) அனுப்புவார்கள். குரோமோசோம் சோதனையும் வேண்டுமென்றால் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியாக எடுக்க வேண்டும், போட்டபின் செல் வளராது. இதைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். மருத்துவத்தில் மூக்கை நுழைக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வீட்டார் கேட்க வேண்டிய கேள்வியை நினைவூட்டுங்கள், அவ்வளவுதான். முடிவு டாக்டருடையது.

பால் கட்டுவதைப் பற்றி யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை இல்லாவிட்டாலும் இரண்டு, மூன்றாம் நாள் பால் சுரந்துவிடும். அதற்குள் பல பெண்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருப்பார்கள். மார்பு கல்லாகக் கனக்கும், ரவிக்கை நனையும். பால் சுரக்காமலிருக்கப் பிரசவமான முதல் நாளே கேபர்கோலின் மாத்திரை ஒரு மில்லிகிராம், ஒரே வேளை, டாக்டர் தருவதுண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது, பிரசவத்தில் பி.பி. ஏறியிருந்ததைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை இல்லையென்றால் குளிர்ந்த ஈரத் துணி ஒத்தடம், மார்பைத் தாங்குகிற நல்ல உள்ளாடை, வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுவது. முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். துணியால் இறுக்கிக் கட்டினால் பால் குழாய் அடைத்துக்கொள்ளும். மார்பில் மல்லிகைச் சரம் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதைப் பால் நிறுத்தும் வேறொரு மாத்திரையோடு (புரோமோகிரிப்டின்) ஒப்பிட்டுப் பார்த்து, பால் குறைவதாக 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். காய்ச்சலோடு ஓரிடம் சிவந்து கட்டியானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சில தாய்மார் தாங்களாகவே தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். கேட்டால் வழி சொல்லுங்கள், நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

பிள்ளையைப் பார்க்கிறாயா என்று அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மாமியாரோ கணவரோ அவளுக்குப் பதிலாக முடிவு செய்ய விடாதீர்கள். கால்தடம் எடுக்க மை டப்பாவும் தடித்த வெள்ளை அட்டையும் போதும். பாதத்தை ஒற்றித் துடைத்து, மை தொட்டு, குதிகாலில் தொடங்கி விரல் வரை மெதுவாக அழுத்த வேண்டும். வயிற்றில் இறந்து சில நாள் ஆகியிருந்தால் தோல் உரியும், அப்போது படம் எடுப்பதோடு நிறுத்துங்கள். உடலைக் கொண்டுபோக 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும்.

காகிதங்களில்தான் வேலைக்குப் போகும் பெண்கள் ஏமாறுகிறார்கள். மகப்பேறு பயன் சட்டப்படி (1961ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது) 'குழந்தை' என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான். கர்ப்பம் 26ஆவது வாரத்துக்குள் கலைந்தால் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு. அதைத் தாண்டியிருந்தால் முழு மகப்பேறு விடுப்பு, உயிரோடிருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவென்றால் 26 வாரம். பிள்ளை இல்லையே, பதினைந்து நாளில் வேலைக்கு வா என்று சொல்ல இந்தச் சட்டத்துக்குள் வருகிற எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவிலோ கணக்கு வேறு, 28 வாரம் ஆனால்தான் இறந்து பிறந்ததாகப் பதிவார்கள். நடுவில் மாட்டுகிறவளுக்கு டிஸ்சார்ஜ் சம்மரிதான் ஒரே ஆதாரம். அதில் எத்தனையாவது வாரம் என்று தெளிவாக இருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். ஒரு நிமிடம் மூச்சுவிட்டு இறந்திருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தருவது) இருந்தால், பிள்ளை இறந்ததை நகர்ப்புறச் சுகாதார நிலையத்து நர்ஸிடம் சொல்லிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் தடுப்பூசிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் போன் செய்யுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது, பத்துக் கேள்விகள், தமிழிலும் உண்டு. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 1986 முதல் சென்னையில் இருக்கிறது, 044-24640050. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை தருகிற கம்பெனிகள் பையோடு அந்தத் தாயை நிற்கவைத்துப் படம் கேட்கின்றன. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளை லோகோவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்வது எவ்வளவு கொடுமை! எண்ணிக் காட்ட முடிகிற பொருளுக்குத்தான் பணம், பக்கத்தில் உட்காருகிற ஆளின் பஸ் செலவுக்குக் கிடையாது. கறாராக மறுத்துவிடுங்கள். தனி ஆட்களிடம் வாங்குங்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியே வாங்குங்கள். எழும்பூரோ கோஷாவோ ஆர்.எஸ்.ஆர்.எம்.மோ, எந்த அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியானாலும், அதன் தலைமையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் வார்டுக்குள் கால் வைக்காதீர்கள்.