ஸ்டவுட் கசக்கிறதா? இனிப்பான வகையில் எதிலிருந்து தொடங்கலாம்

கேள்வி இது: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், டைகர் மாதிரி சாதாரண பீர் பழக்கம், காப்பிக்கடையில் ஒரு போத்தல் கின்னஸ் வாங்கினால் பாதிக்கு மேல் இறங்கவில்லை, அவ்வளவு கசப்பு. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் இனிப்பான வகை உண்டா, எதை வாங்கலாம்?

உண்டு. நீங்கள் கையில் எடுத்தது மிகவும் கசப்பான கோடி, அவ்வளவுதான். நம் ஊர்க் காப்பிக்கடைகளில் போத்தலில் வருவது கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட். வெயில் நாடுகளுக்குக் கப்பலில் போகும்போது கெடாமல் இருக்க ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) ஆல்கஹாலையும் கூட்டிக் காய்ச்சிய பீரின் வழிவந்தது அது. பீர் நடுவர்கள் கையாளும் பிஜேசிபி வகைப்பாட்டில் இந்த ஃபாரின் எக்ஸ்ட்ரா வகைக்குக் கசப்பு அளவு 50 முதல் 70 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு). ஸ்வீட் ஸ்டவுட்டுக்கு 20 முதல் 40 தான். டைகர் மாதிரி லேகர் குடித்துப் பழகிய நாக்கு நேராக இங்கே வந்தால் மிரளத்தான் செய்யும்.

கசப்பு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று ஹாப்ஸ். இன்னொன்று கருக வறுத்த பார்லி. கடுங்காப்பி மாதிரி லேசான புளிப்பும் அதனால்தான். இனிப்பு என்பது, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த மிச்சம். ஐரிஷ் டிரை ஸ்டவுட்டில் ஈஸ்ட் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அதனால் தொண்டையில் வறட்சியாக முடியும். மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். பீர் ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது, அப்படியே தங்கிவிடும். லாக்டோஸின் இனிப்பு, வீட்டுச் சீனியின் இனிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆகவே மைலோ மாதிரி இனிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கசப்பின் கூர் மழுங்கி, வாயில் கொழகொழப்பாக நிற்கும்.

உள்ளூரில் கிடைப்பதில் கானர்ஸ் ஸ்டவுட் போர்ட்டர்தான் என் முதல் சிபாரிசு. கார்ல்ஸ்பெர்க் மலேசியாவின் சரக்கு, டின்னிலும் வருகிறது, டிராஃப்ட்டிலும் (பீப்பாய்க் குழாயிலிருந்து) ஊற்றுகிறார்கள். கசப்பு அடங்கி, கரமல் வாடை கொஞ்சம் முன்னால் நிற்கும். அடுத்தது கின்னஸ் டிராஃப்ட் டின். பெயர் கின்னஸ் என்றாலும் போத்தலில் வருவதும் இதுவும் வேறு வேறு. டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், உள்ளே நைட்ரஜன். சாதாரண பீரில் நாக்கைச் சுருக்கென்று குத்துவது கரியமில வாயு. நைட்ரஜன் குமிழி பொடியானது, குத்தாது. இனிப்பு கூடாமலே இனிப்பாகத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

உண்மையான இனிப்பு வகை வேண்டுமென்றால் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் பக்கம் இறக்குமதி பீர் விற்கும் கடைகளில் தேட வேண்டும். லெஃப்ட் ஹாண்ட் மில்க் ஸ்டவுட் (அமெரிக்கா, 6 விழுக்காடு), யங்ஸ் டபுள் சாக்லேட் ஸ்டவுட் (இங்கிலாந்து, 5.2), சாமுவேல் ஸ்மித் ஓட்மீல் ஸ்டவுட் (இங்கிலாந்து, 5). இந்த மூன்றில் எது கண்ணில் பட்டாலும் எடுக்கலாம். ஓட்ஸ் சேர்த்தது அவ்வளவு இனிக்காது, ஆனால் வழவழப்பாக இறங்கும்.

லேபிளில் மில்க், ஸ்வீட், கிரீம், ஓட்மீல் என்றிருந்தால் உங்கள் பக்கம். டிரை, ஐரிஷ், ஃபாரின் எக்ஸ்ட்ரா என்றிருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலர் ஏமாறுவது சாக்லேட், காப்பி என்ற சொற்களில் (மேலே சொன்ன யங்ஸ் விதிவிலக்கு). சாக்லேட் மால்ட் என்பது அந்த நிறத்துக்கு வறுத்த, முளைகட்டிய பார்லி, அதில் சாக்லேட்டும் இல்லை, இனிப்பும் இல்லை. காப்பி ஸ்டவுட்டில் பெரும்பாலும் கசப்பு கூடும்.

இதைவிடப் பெரிய பொறி, இனிப்பாக இருந்தால் போதை குறைவு என்ற நினைப்பு. இலங்கையின் லயன் ஸ்டவுட் நல்ல சரக்கு; சாக்லேட், கருப்பட்டி, உலர்ந்த பழ வாசம், இனிப்பும் உண்டு. ஆனால் 8.8 விழுக்காடு. 330 மில்லியில் சுமார் 23 கிராம் ஆல்கஹால். அதே அளவு 4.2 விழுக்காடு ஸ்டவுட்டில் 11 கிராம்தான். ஒன்று குடித்தால் இரண்டு குடித்த கணக்கு, இனிப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. இம்பீரியல் என்ற கடும் வகை ஸ்டவுட்டுகள் இன்னும் மேலே போகும். மலேசியச் சாலைச் சட்டத்தில் ஆல்கஹால் வரம்பு 2020 முதல் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், முன்பு 80 ஆக இருந்தது. பட்டணத்தில் குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர்கள் வரம்பை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வண்டியைத் தொடாமல் இருப்பதே சரி.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் மில்க் ஸ்டவுட்டில் கவனமாக இருங்கள். வீட்டில் காய்ச்சுவோர் வழக்கமாகப் போடுவது 19 லிட்டருக்கு 450 கிராம் லாக்டோஸ். அந்தக் கணக்கில் ஒரு 330 மில்லி போத்தலில் 8 கிராம் வரும், அதாவது ஒரு சின்ன டம்ளர் பாலில் இருக்கும் அளவு. ஓட்மீலில் இந்தத் தொல்லை பொதுவாகக் கிடையாது.

இனி ஊற்றும் விதம். பாதிக் கசப்பு இங்கேதான் உண்டாகிறது. நம் ஊரில் ஸ்டவுட் கிளாஸில் ஐஸ்கட்டி போடுவது வழக்கம். ஸ்டவுட்டுக்கு அது ஆகாது. கடும் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு தெரியாது, வறுத்த கசப்பு மட்டும் மிஞ்சும். ஐஸ் கரையக் கரைய நுரை செத்து, தண்ணீர் விட்ட பழைய காப்பி மாதிரி ஆகிவிடும். போத்தலை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து, கிளாஸில் ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். 8 முதல் 12 டிகிரிக்குள் இனிப்பும் வாசமும் எழுந்து வரும். நம் வெயிலில் அதற்கு மேல் காத்திருந்தால் சூடாகிவிடும்.

நைட்ரஜன் டின் இதற்கு விதிவிலக்கு. அதைக் குறைந்தது மூன்று மணி நேரம் நன்றாகக் குளிரவைக்க வேண்டும், இல்லையென்றால் திறந்ததும் பொங்கி மேசை முழுக்க வழியும். டின் முழுவதும் கொள்ளும் பெரிய கிளாஸாக எடுத்து, சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஊற்றுங்கள். பழுப்பு மேகம் கீழே இறங்கி, கறுப்பு அடியிலிருந்து மேலே ஏறும். அது அடங்கும்வரை தொடக்கூடாது. லெஃப்ட் ஹாண்டின் நைட்ரோ போத்தல் என்றால் சாய்க்காமல், தலைகீழாகக் கவிழ்த்து வேகமாக ஊற்ற வேண்டும். மெதுவாக ஊற்றினால் நுரையே எழாமல் சப்பென்று போய்விடும்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஐந்தடியில் (கடை முன் நடைபாதை) வெயில் படும்படி அடுக்கிய பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். சூட்டில் கிடந்த ஸ்டவுட்டில் கிச்சாப் (சோயா சாஸ்) வாடை வரும், இனிப்பு வகையில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். இறக்குமதிச் சரக்கு ஏற்கெனவே பல மாதம் பயணம் செய்து வந்தது என்பதால் இரட்டிப்புக் கவனம் தேவை.

இவை எதுவும் கிடைக்காமல் காப்பிக்கடைப் போத்தல் மட்டும்தான் என்றால், மால்டா என்ற ஆல்கஹால் இல்லாத மால்ட் பானத்தைக் கலக்கலாம். ஸ்டவுட் இரண்டு பங்கு, மால்டா ஒரு பங்கு. இரண்டும் மால்ட் சரக்கு என்பதால் ருசி முறியாது, ஆல்கஹாலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். லேகரோடு பாதிக்குப் பாதி கலப்பதும் உண்டு. கசப்பு குறையும், ஆனால் இனிப்பு வராது. ஜமைக்காவில் டின் பால் (இனிப்புக் கெட்டிப்பால்) சேர்க்கிறார்கள்: ஒரு போத்தலுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, கொஞ்சம் சாதிக்காய்த்தூள். முதலில் ஸ்டவுட்டைக் கிண்டி வாயுவை வெளியேற்றிவிட்டுப் பாலைச் சேருங்கள், இல்லையேல் பொங்கும். பசும்பால் வேண்டாம், ஸ்டவுட்டின் புளிப்பில் திரிந்துவிடும். பார்க்க மைலோ மாதிரியே இருக்கும் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பிரசவித்த பெண்ணுக்கு ஸ்டவுட் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று தோட்டங்களில் இன்றும் சொல்கிறார்கள். அதில் உள்ள இரும்புச்சத்து மிகமிகச் சொற்பம், ஆல்கஹால் தாய்ப்பாலில் கலக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கூடச் சாப்பிட உப்புக் கடலையோ மட்டன் வறுவலோ வையுங்கள். உப்பு கசப்பை அடக்கும். கேசரி, லட்டு போன்ற பலகாரம் பக்கத்தில் இருந்தால் எந்த மில்க் ஸ்டவுட்டும் கசக்கும்.