கை நன்றாக இருக்கும்போதே படிப்பையும் பேசிவிடுங்கள்

சார், நியூஜெர்சியில் பிளஸ் டூ வயசுப் பையன், பேஸ்பாலில் பிட்சராக (பந்து வீசுபவனாக) நல்ல பேர், ‘டிராஃப்டில் எடுத்தால் காலேஜ் வேண்டாம்’ என்கிறான் (டிராஃப்ட் என்றால் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), வீட்டில் சண்டை என்கிறீர்கள். சரி, ஆட்டமா படிப்பா என்று அவனை நிறுத்தி வைத்துக் கேட்பதை முதலில் விடுங்கள்.

லீ ரிச்மண்ட் என்று ஓர் இடதுகை பிட்சர் இருந்தார். பிரவுன் பல்கலைக்கழக மாணவர். 1880 ஜூன் 12 அன்று, பட்டம் வாங்கும் பரபரப்புக்கு நடுவே ரயிலேறிப் போய், வூஸ்டர் அணிக்காக கிளீவ்லாந்து அணி அடிக்க வந்த 27 முறையும் ஒருவர்கூட பேஸை (அடித்தவர் ஓடி எட்ட வேண்டிய இடம்) தொடாமல் அவுட்டாக்கினார். பெரிய லீகில் அதுதான் முதல் பெர்ஃபெக்ட் கேம். அந்த ஒரே சீசனில் 590 இன்னிங்ஸ் வீசினார் (எதிரணியில் மூவரை அவுட்டாக்கினால் ஓர் இன்னிங்ஸ்; இன்றைய பிட்சர் 200 தொட்டாலே ஆச்சரியம்), 32 வெற்றி, 32 தோல்வி. அப்படிப் பிழிந்தால் எந்தக் கை தாங்கும்? 1882-ல் 14 வெற்றிக்கு 33 தோல்வி, அந்த வருடத்தோடு வூஸ்டர் அணியே லீகில் இல்லாமல் போனது, 1883-க்குப் பிறகு அவர் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. அப்போது வயது 26.

ஆனால் மனிதர் தெருவுக்கு வரவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோதே மருத்துவம் படித்து டாக்டரானார், அப்புறம் அதையும் விட்டு டொலிடோ நகரில் பள்ளி ஆசிரியராகப் பல வருடம் இருந்தார். எனக்கு அந்தப் பெர்ஃபெக்ட் கேமைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். பள்ளி முடித்ததும் டிராஃப்டில் எடுக்கலாம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருடக் கல்லூரியில் அந்தக் கட்டு இல்லை. முழங்கை போனால் டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கைத் தசைநாரைச் சரிசெய்வது), திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகும், அதனால் கையெழுத்துப் போடும்போது அணி தரும் முன்பணம் கணிசமாக இல்லையென்றால் நான் கல்லூரி என்றுதான் சொல்வேன். கணிசமாக இருந்தால் போகட்டும், ஆனால் பின்னால் படிக்க ஃபீஸை அணி கட்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: எத்தனை செமஸ்டர், எவ்வளவு தொகை, ஆட்டத்தை விட்டபின் எத்தனை வருடத்துக்குள் சேர வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம். கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் ஏஜென்ட், வக்கீல் விஷயத்தில் கல்லூரி ஆட்டத்துக்கென்று தனி விதிகள் உண்டு, அதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்தப் பேச்சில் பையனும் உட்காரட்டும்.