ஆக்சலாட்டல், அச்சோக்கே: பெங்களூர் வெயில் தாங்குமா?

ஆக்சலாட்டல், அச்சோக்கே இரண்டும் வெப்பமண்டல சலமாண்டர்தானே (பல்லி போன்ற உடலுள்ள நீர்நிலவாழ் உயிரி), பெங்களூரில் சாதாரணத் தொட்டியிலேயே வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. மெக்சிகோவில் இரண்டும் 19 டிகிரி அட்சரேகையை ஒட்டி வாழ்கின்றன; அந்தக் கணக்கில் வெப்பமண்டலம்தான். ஆனால் ஆக்சலாட்டல் வாழும் சோச்சிமில்கோ (மெக்சிகோ நகரத்தின் கால்வாய்ப் பகுதி) சுமார் 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. அச்சோக்கே வாழும் பாட்ஸ்குவாரோ ஏரியும் 2,000 மீட்டருக்கு மேல். பெங்களூர் 900 சொச்சம்தான்.

தண்ணீர் 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். 24-ஐத் தாண்டினால் தீனி எடுக்காது, செவுள் முனை முன்பக்கமாகச் சுருளும், தோலில் பஞ்சு மாதிரி பூஞ்சை படரும். சூட்டில் உடலுக்குப் பிராணவாயு அதிகம் தேவை. சூடான தண்ணீரிலோ அது குறைவாகத்தான் கரையும். ஏப்ரலில் ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும், அது போதாது. ஐஸ் பாட்டில் போட்டால் வெப்பம் ஏறி இறங்கி இன்னும் வாட்டும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க முடியாதென்றால் தயவுசெய்து இந்த விலங்கை வாங்காதீர்கள்.

ஒன்றுக்குக் குறைந்தது 80 லிட்டர் தொட்டி. காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை பெரும்பாலும் பிரச்சினையில்லை, நைட்ரேட்டை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, அதில் தாது உப்பே இருக்காது. புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியா பெருகி, அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக நிற்க 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை தொட்டியில் விட வேண்டாம். கூழாங்கல் போடாதீர்கள், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். தீனிக்கு மண்புழு நல்லது.

இனி வித்தியாசம். இரண்டும் செவுளோடு தண்ணீரிலேயே இனப்பெருக்கம் செய்பவை. அச்சோக்கேக்குச் செவுள் இன்னும் அடர்த்தி, விரல்களுக்கிடையே சவ்வு, நிறம் பழுப்பு கலந்த மஞ்சள், பச்சை. காட்டு ஆக்சலாட்டல் கரும்பழுப்புதான். கடைகளில் பார்க்கும் வெளிர் இளஞ்சிவப்பு, வளர்ப்பில் பெருக்கிய வகை. முக்கியமான வித்தியாசம் உருமாற்றம். தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் ஆக்சலாட்டல் செவுளை இழந்து தரைவாழ் உருவம் எடுக்கும். பாரிஸில் 1865-லேயே சில குட்டிகள் இப்படி மாறியதைப் பார்த்தார்கள். அச்சோக்கேயை அப்படி மாற்ற முயன்றால் பெரும்பாலும் செத்துவிடும்.

அச்சோக்கேயை வீட்டுக்குத் தேடவே வேண்டாம். உலகத்தில் அந்த ஒரே ஏரியில்தான் அது காட்டு உயிராக இருக்கிறது. பாட்ஸ்குவாரோவில் கன்னியாஸ்திரீகள் மடத்துத் தொட்டிகளில் பெருக்கிக் காத்து வருகிறார்கள். ஆக்சலாட்டலும் காட்டில் அழியும் விளிம்பில்தான் நிற்கிறது. இரண்டுமே சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பே உரிய ஆவணங்களைக் கேளுங்கள்.