ரீயூனியனில் ஒரே நாளில் எரிமலையும் அருவிகளும்: பதில்

வணக்கம். புதுச்சேரியிலிருந்து முழங்கால் வலியுள்ள தாயாருடன், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன் பியேர் நகரிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் உங்களுக்கு, ஒரே நாளில் எரிமலையையும் அருவிகளையும் காரில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும்; ஆனால் விடியும் முன்பே புறப்பட வேண்டும், ஏனெனில் காலை ஏற ஏற மேகம் மலையை மூடிவிடுவது அங்கு வழக்கம்.

பூர்க் மூரா என்ற மலைக் கிராமத்தின் வழியாக ஏறும் சாலை, புல்வெளிகளைக் கடந்து, செம்பழுப்பு எரிமலைத் துகள்கள் பரந்துகிடக்கும் பிளேன் தே சாபிள் சமவெளிக்குள் இறங்கும்போது, வேறொரு கோளுக்கு வந்துவிட்டதாகவே தோன்றும். சாலை முடியும் காட்சிமுனையான பா தெ பெல்கோம்ப் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கார் நிறுத்துமிடத்துக்கு அருகிலிருந்தே 2,632 மீட்டர் உயரமான பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை தெரியும் என்பதால், தாயார் கீழே செல்லும் நெடும்படிகளில் இறங்க வேண்டியதில்லை. அங்கு குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் மார்கழிச் சால்வை போதாது; கம்பளிச் சட்டை அவசியம்.

பிறகு சேன் பெனுவா நகர் வழியாகக் கிழக்குக் கடற்கரைக்கு இறங்குங்கள். 1977இல் எரிமலைக் குழம்பு வாசல்வரை வந்து நின்ற நோத்ர் தாம் தே லாவ் தேவாலயம், கடலோரப் பனைகளுக்கிடையே நீர் வீழும் ஆன்ஸ் தே காஸ்காத், 2007 ஏப்ரலில் குழம்பு சாலையைக் கடந்து கடலில் கலந்த பகுதி ஆகியவை அவ்வழியிலேயே வருகின்றன. லான்ழவேன் அருவியும் சாலையோரத்திலிருந்தே தெரியும். பொழுது சாய்ந்துவிட்டால் அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம், சேன் பியேரிலிருந்து அது தொலைவில்லை. துரூ தெ ஃபேர் அருவியை மட்டும் விட்டுவிடுங்கள். நீண்ட சேற்றுப்பாதை நடை அல்லது ஹெலிகாப்டர் இல்லாமல் அதைக் காண இயலாது.