சமையலறைக் கேள்வி–பதில்: புதன்கிழமையைத் தாண்டாத பட்டியல்

கேள்வி: கணவரும் நானும் வேலைக்குச் செல்கிறோம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். ஞாயிறுதோறும் ஏழு நாளுக்கும் மூன்று வேளைக்குமான சமையல் பட்டியலை எழுதி ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டுகிறேன். புதன்கிழமைக்கு மேல் அதன்படி நடந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால் கீரை அழுகியும் வெண்டைக்காய் கறுத்தும் கிடக்கின்றன. எங்கே தவறுகிறேன்?
— வாசகி, திருச்சி

பதில்: இருபத்தொரு வேளைக்கும் பதார்த்தத்தின் பெயரை எழுதிவைத்ததுதான் தவறு. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால் அன்றைய பெயர் அடிபடும். அதற்கென வாங்கிய காய் மறுநாளைக்குத் தள்ளப்படும். மறுநாளைக்குரிய காய் அதற்கடுத்த நாளுக்குப் போகும். எனவே எந்தக் காய் எந்த நாளுக்குள் தீர வேண்டும் என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய கீரை திங்கட்கிழமையைத் தாண்டக் கூடாது. வெண்டைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய் ஆகியவை செவ்வாய், புதன் கிழமைகளுக்குரியவை. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ ஆகியவை வியாழன்வரை பொறுத்திருக்கும். சேனை, கருணை, உருளை, வெட்டாத பூசணி ஆகியவற்றுக்கு வார இறுதியைக் கொடுக்கலாம். வாழைக்காயைக் கிழங்கோடு சேர்த்துக் கடைசியில் வைத்துவிடாதீர்கள். வெளியே வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் பழுக்கத் தொடங்கிவிடும்.

அடுத்ததாக எழுத வேண்டியது மாவு. இட்லி அரிசி 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி என்ற கணக்கில் ஞாயிறு மாலை அரைத்து வைத்தால், திங்களும் செவ்வாயும் இட்லி, புதன் தோசை, வியாழன் வெங்காய ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என்று மாவின் புளிப்பே பலகாரத்தைத் தீர்மானித்துவிடும். அன்றன்றைக்கு வேண்டிய மாவை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, மீதியை உடனே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மொத்தப் பாத்திரமும் காலையெல்லாம் மேடையில் இருந்தால் செவ்வாய்க்கிழமையே புளித்துவிடும். துவரம்பருப்பையும் இரண்டு நாளுக்குச் சேர்த்து வேகவைக்கலாம்: ஒரு பாதி சாம்பாருக்கு, ஆறவைத்து எடுத்துவைத்த மறுபாதி அடுத்த நாள் கூட்டுக்கும் ரசத்துக்கும். இந்த இரண்டும் கையில் இருந்தால் காலையில் காய் நறுக்கித் தாளிக்கும் வேலைதான் மிஞ்சும்.

பேனாவை எடுக்கும் முன் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத அமாவாசையன்று ஊத்தப்பம் என்று எழுதிவைத்தால் உங்கள் மாமியாரே முதல் ஆளாகப் பட்டியலைக் கிழிப்பார்! வாரத்தில் ஒரு நாளைக் காலியாகவே விடுங்கள். அன்றைக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும்.

கேள்வி: காணொளிகளைப் பார்த்துப் புதுப்புது சமையலாகச் செய்கிறேன். பாதி நாள் சரியாக வருவதில்லை. வீட்டில் யாரும் தொடுவதும் இல்லை. புதியதைச் செய்யாமலே இருந்துவிடலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம்; ஆனால் ஒரு சாப்பாடு முழுவதையும் ஒரே நாளில் புதிதாக்காதீர்கள். சோறும் ரசமும் வழக்கம்போல் இருக்க, பொரியலோ குழம்போ ஒன்று மட்டும் புதியதாக இருந்தால், அது சரியாக வராவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். உங்களுக்குக் கைவந்த சமையலிலிருந்து ஒரே ஒரு படி விலகிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வற்றல் குழம்பு வைக்கத் தெரிந்தவருக்குக் கேரளத்து உள்ளித் தீயலில் புதிய வேலை என்பது பெரும்பாலும் தேங்காயை நன்கு பழுப்பேறும்வரை வறுத்து அரைப்பதுதான். புளியும் சின்ன வெங்காயமும் பழகியவையே. அந்தத் தேங்காயைச் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். நான் முதல் முறை செய்தபோது தொலைபேசியை எடுக்கப் போய் அதைக் கரியாக்கினேன். கசந்த தேங்காயை எந்தப் புளியாலும் சரிசெய்ய முடியவில்லை. அதுபோலவே செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டியில் அரிசி கழுவிய நீரில் புளி கரைப்பதுதான் உங்களுக்குப் புதிதாக இருக்கும்.

சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். காணொளியில் சொல்லும் கப் 240 அல்லது 250 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஓர் அளவு. அதில் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரண்டியில் அள்ளினாலும் தூள் உப்பு கல் உப்பைவிடக் கூடுதலாகக் கரிக்கும். காஷ்மீரி மிளகாய்க்குச் சொன்ன எண்ணிக்கையில் நம் ஊர்க் குண்டு மிளகாயைப் போட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளுவதில் வியப்பில்லை. ஆகவே உப்பையும் காரத்தையும் முதலில் சொன்னதில் பாதியளவு போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். முதல் முறை சனிக்கிழமையன்று பாதி அளவில் செய்யுங்கள். விருந்தினர் வரும் நாளில் ஒருபோதும் பரிசோதிக்காதீர்கள்.

கேள்வி: வாரத் திட்டத்துக்காக இரண்டு நாள் சோற்றைச் சேர்த்து வடித்து வைக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: சோற்றை மட்டும் அன்றன்றைக்கு வடிப்பதே நல்லது. அரிசியிலுள்ள பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் முழுவதும் போகாது. மீந்துவிட்டால் அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே ஒரே முறை நன்கு ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். குழம்புகளில் தேங்காய் அரைத்துவிட்டவை விரைவில் ஊசிப்போகும். தேங்காய் சேராத வற்றல் குழம்பை இரண்டு நாளுக்குச் சேர்த்து வைக்கலாம். அதையும் வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சுடவைக்க வேண்டும்.