தின்னர் குறைந்த 2கே பெயின்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒக்டோபர் மழை தொடங்கியதும் கடிதங்களும் தொடங்கிவிட்டன. வாகனப் பெயின்டில் கரைப்பானைக் குறைப்பது பற்றி வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். 2கே என்பது பெயின்டையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் அடிக்கும் முன் கலக்கும் இரு பகுதிப் பெயின்ட்; அதை இளக்க ஊற்றும் கரைப்பான்தான் தின்னர்.

ஐரோப்பிய விஓசி (ஆவியாகும் கரைப்பான்) வரம்பான லீட்டருக்கு 420 கிராமுக்குள் டொப் கோட், அதாவது மேல்பூச்சு, செய்யப் பார்க்கிறோம். தின்னரைக் குறைத்தால் கூழாகிவிடுகிறது. ஹார்ட்னரை மாற்றினால் போதுமா? (ரத்மலானை, சிறு தொழிற்சாலை)

போதாது. முதலில் ஹார்ட்னரோடு சேர்ந்து இறுகும் ரெசினான அக்ரிலிக் பொலியோலைப் பாருங்கள். பழைய நீள்சங்கிலி ரெசினை வைத்துக்கொண்டு 420க்குள் வரவே முடியாது. மூலக்கூற்று நிறை குறைந்த, அந்நிறையின் பரவலும் குறுகிய பொலியோல் வேண்டும். அதற்கும் விலை உண்டு: தூசி ஒட்டாத நிலைக்கு வர நேரம் எடுக்கும், முதல் நாள் நகம் பட்டால் தடம் விழும். அதைச் சமாளிக்கத்தான் ஹார்ட்னர் பக்கம் போகவேண்டும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட்டான சாதாரண எச்டிஐ டிரைமரின் பாகுத்தன்மை 3000 சென்டிபாய்ஸ் அளவில் இருக்கும். அதன் மெல்லிய வகைகள் 1000 பக்கத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்து மாற்றினால்தான் கணக்கு சரிவரும்.

வேகமாக இறுகும் பொலிஅஸ்பார்டிக் ரெசின் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். ஐரோப்பியத் தரவுத்தாளில் உள்ள பொட் லைஃபை (கலந்தபின் அடிக்கக்கூடிய நேரத்தை) நம்பாமல் கொழும்புக் காற்றிலேயே சோதித்துப் பாருங்கள்.

சேர், நாங்கள் அடித்த கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) காயவில்லை. ஏன்? (தெமட்டகொடை)

என்ன ஹார்ட்னர், என்ன விகிதம், எந்தத் தின்னர், அன்று மழையா வெயிலா என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா? விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள். அதற்கிடையில் ஹார்ட்னர் டின்னின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது, அந்த டின்னை ஒதுக்கிவையுங்கள்.

கம்பனித் தின்னர் விலை அதிகம். என்சி (நைட்ரோசெலுலோஸ் பெயின்டுக்கான) தின்னர் கலக்கிறோம், பெயின்ட் நன்றாகத்தான் விழுகிறது. பிழையா? (கிராண்ட்பாஸ், கராஜ்)

பிழைதான். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதம் அதே கேள்வி வருகிறது, அதனால் இன்று விரிவாகவே சொல்கிறேன். என்சி தின்னரில் பெரும்பாலும் அல்கஹோல் இருக்கும். அல்கஹோலின் ஒஎச் கூட்டம் ஐசோசயனேட்டைப் பிடித்துக்கொள்ளும். பொலியோலோடு சேர்ந்து வலையாக வேண்டிய ஹார்ட்னர், அல்கஹோலோடு சேர்ந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு கிராம் பியூட்டனோல் ஏறத்தாழ இரண்டரை கிராம் டிரைமரைத் தின்னும். ஐசோபுரொப்பனோல் என்றால் மூன்று கிராமுக்கு மேல். "நன்றாக விழுகிறது" என்பது ஸ்பிரே கன்னில் தெரிவது. ஆறு மாதம் கழித்துப் பெற்றோல் சிந்திய இடத்தில் படலம் மென்மையாகி எழும்பும்போதுதான் உண்மை தெரியும். வண்டிக்காரர் அப்போது பெயின்ட் கம்பனியைத்தான் திட்டுவார்.

எனக்கு அதைவிட ஆத்திரம் தருவது கண்ணளவு. 420 என்பது டின்னுக்கான எண் அல்ல. ஹார்ட்னரும் தின்னரும் சேர்ந்து கன்னுக்குள் போகும் கலவைக்கான எண். சரியாக 420இல் நிற்கும் ஒரு லீட்டர் கலவையில், "கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே" என்று 100 மில்லி தின்னர் ஊற்றினால் அது 460ஐத் தாண்டிவிடும். ஆய்வுகூடத்தில் வருடக்கணக்கில் ரெசினோடு மல்லுக்கட்டிக் குறைத்த கரைப்பானைக் கராஜில் ஒரே ஊற்றலில் திரும்பக் கொண்டுவருகிறோம். தடிப்பாக இருந்தால் கன்னின் நொசிலையும் நீடிலையும் பெரிதாக்குங்கள், கலவையைச் சற்றுச் சூடான இடத்தில் வையுங்கள். தராசில் நிறுத்துக் கலவுங்கள். தராசுக்குக் கொடுக்கும் காசு ஒரு பொனட்டைத் திரும்ப அடிக்கும் செலவில் மிச்சமாகும்.

தின்னர் வாங்கும்போது பியூட்டைல் அசிடேட் போன்ற, நீர் நீக்கிய யூரிதேன் தரக் கரைப்பான் எனக் கேட்டு வாங்குங்கள். நீர் 500 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 500 பங்குக்குள்) இருக்கவேண்டும்.

மழை நாளில் மட்டும் குமிழி வருகிறது. (வத்தளை)

தண்ணீர் ஐசோசயனேட்டோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும். ஒரு கிராம் தண்ணீர் 20 கிராம் டிரைமரைக் கெடுத்து, ஒரு லீட்டருக்கு மேல் வாயு கிளப்பும். உங்கள் கம்பிரஸரைச் சந்தேகியுங்கள். நம் ஊர்க் காற்றில் 10 சிஎப்எம் (நிமிடத்துக்கு 10 கன அடி) இழுக்கும் கம்பிரஸர் ஒரு மணி நேரத்தில் 300 மில்லிக்கு மேல் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும். தாங்கியைத் தினமும் வடிக்கிறீர்களா? குழாயில் பிரிப்பான் இருக்கிறதா? குறைந்த கரைப்பான் பெயின்ட் ஒவ்வொரு கோட்டும் தடிப்பாக விழுவதால் வாயு வெளியேறுவதும் கஷ்டம். மெல்லிய கோட், இடையில் போதிய நேரம்.

அசிடோன் விஓசி கணக்கில் வராதாமே? (பேலியகொடை)

அமெரிக்காவில் 1995 முதல் விலக்கு. ஐரோப்பிய வரைவிலக்கணத்தில் கொதிநிலை 250 பாகைக்குக் கீழிருந்தால் கணக்கில் வரும். எந்தச் சந்தைக்குச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அசிடோன் வேகமாகப் பறந்து தகட்டைக் குளிரவைக்கும், ஈரக் காற்றில் பனி படிந்து பளபளப்பு மங்கும். மழைக்காலத்தில் தொடவேண்டாம்.

சீக்கிரம் காயட்டும் என்று டின் கேட்டலிஸ்ட் (வெள்ளீயம் சேர்ந்த ஊக்கி) இரண்டு சொட்டு விடுகிறார் எங்கள் பாஸ். (மாளிகாவத்தை)

நிறுத்தச் சொல்லுங்கள். கம்பனி ஏற்கெனவே போட்டிருக்கும். இந்த ஊக்கி கூடினால் கலவை கன்னிலேயே இறுகும்.

தண்ணீர்ப் பெயின்ட் கொழும்பில் சரிவருமா? (வெள்ளவத்தை)

பேஸ் கோட்டுக்கு (கிளியருக்குக் கீழே வரும் நிறப்பூச்சுக்கு) சரிவரும், ஆனால் மூடிய ஸ்பிரே பூத்தும் சூடாக்கிய காற்றோட்டமும் இருந்தால். 28 பாகையில் 80 வீத ஈரப்பதமுள்ள காற்றை 38 பாகைக்கு ஏற்றினால் ஈரப்பதம் 45 வீதமளவுக்கு இறங்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே திறந்த கராஜில் எடுக்கவேண்டாம்.

கராஜுக்குள்ளே பெயின்ட் அடிக்கத் துணி முகமூடி போதுமா? (கொட்டாஞ்சேனை)

போதாது. ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் மணத்தால் தெரியாது. ஒருமுறை உடல் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகச் சிறிய அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பும், அந்த ஆள் தொழிலையே விடவேண்டி வரும். கரைப்பான் குறைந்த பெயின்ட் என்பதால் இந்த ஆபத்து குறையாது. கலவையில் ஹார்ட்னரின் பங்கு கூடத்தான் செய்கிறது. ஐரோப்பாவில் 2023 ஓகஸ்ட் முதல், டைஐசோசயனேட் மொனோமர் (டிரைமராக இணையாத தனி மூலக்கூறு) 0.1 வீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலில் கையாளப் பயிற்சிச் சான்று கட்டாயம். நம் கராஜ்களில் பல வீட்டோடு ஒட்டியவை. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். அடித்து முடியும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.