ரயில் பெட்டிக்குள் ஒரு வட்டம்

அன்புள்ள அக்கா,

பருவங்களைப் போற்றும் விக்கா என்ற மேல்நாட்டு வழிபாடு பற்றி நீங்கள் முன்பு எழுதியதை என் மனைவிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவள் இங்கிலாந்துப் பெண். ஒன்பது வருடமாக விக்கா சடங்குகளைத் தனியாகவே செய்துவருகிறாள், எந்தக் குழுவிலும் இல்லை. டிசம்பர் நடுவில் மெல்பர்னில் இருக்கும் என் சொந்த அக்கா வீட்டுக்கு ஆறு வாரம் போகிறோம். அவளுக்கு இப்போதே கவலை. கறுப்புப் பிடி போட்ட சடங்குக் கத்தியை எடுத்துப்போகலாமா, அங்கே அப்போது கோடை என்றால் யூல் என்ற குளிர்காலத் திருநாளைக் கொண்டாடுவதா வேண்டாமா, பூஜையறை இருக்கும் வீட்டில் தனக்கென்று ஒரு பீடம் வைக்கலாமா என்று தினம் ஒரு கேள்வி கேட்கிறாள்.

என் கேள்வி வேறு. என் அம்மா ஊருக்குப் போகும்போது வீட்டு விளக்கை எடுத்துப்போனதே இல்லை. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "சாயங்காலம் விளக்கு மட்டும் ஏத்திடும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். கத்தியையும் நெருப்பையும் விட்டுவிட்டு, நாளையும் மாற்றிக்கொண்டால் அது என்ன சடங்கு? மிச்சம் என்ன இருக்கிறது?

க., லீட்ஸ்

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் மனைவியின் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

உங்கள் அம்மாவின் விளக்கு இருந்த இடத்தில் இருப்பதால் மதிப்புப் பெறுகிற விளக்கு. நாற்பது வருடம் ஒரே மாடத்தில் எரிந்து, சுவரில் கரி படிந்து, அந்த வீட்டின் உறுப்பாகவே ஆகிவிட்டது. அதைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போக அவருக்கு மனம் வராதது சரிதான். விக்காவில் சடங்குக்காகப் போடும் வட்டம் வேறு வகை. அதற்குக் கோயிலும் கிடையாது, நிரந்தரமான கருவறையும் கிடையாது. உங்கள் லீட்ஸ் வீட்டின் முன்னறையில்கூட உங்கள் மனைவி ஒவ்வொரு முறையும் வட்டத்தைப் புதிதாகப் போடுகிறார். நான்கு திசைகளை அழைத்து, வேண்டியதைச் செய்து, அழைத்தவற்றுக்கு விடை கொடுத்து, போட்ட வட்டத்தைத் திறந்துவிட்டு எழுகிறார். எழுந்த பிறகு அது மறுபடியும் சோபா போட்ட அறைதான். போடுவதும் கலைப்பதும் அந்தச் சடங்கின் உடம்பிலேயே இருக்கிறது. வீட்டில் செய்யும்போதும் அது ஒரு பயணச் சடங்குதான்.

நான் விக்கா வழியைச் சேர்ந்தவள் இல்லை. பதினான்கு வருடமாக ஒரு தோழியின் வட்டத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து வருகிறேன், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற நர்ஸ் அவள். சில வருடங்களுக்கு முன், அக்டோபர் 31 இரவு, லண்டனிலிருந்து இன்வர்னெஸ் போகும் இரவு ரயிலில் அவளோடு போனேன். அவள் தம்பிக்கு மறுநாள் அறுவை சிகிச்சை, தள்ளிப்போட முடியாத பயணம். அது அவர்களுடைய வருடத்திலேயே பெரிய நாள், இறந்தவர்களை நினைக்கும் நாள். அந்த நாளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, 'சாவின்' என்று உச்சரிக்கிறார்கள். அந்தப் பெயரை முதல்முறை காதில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது பழைய ஐரிஷ் சொல், தமிழுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. ஆள் நிற்க இரண்டடி இடம், மூலையில் மூடி போட்ட கை கழுவும் தொட்டி. பழைய முறைப்படி வட்டம் ஒன்பது அடி விட்டம் இருக்க வேண்டும் என்பார்கள். அவள் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. தொட்டியின் மூடிமேல் கைக்குட்டையை விரித்தாள். ரயிலின் உணவகப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த உப்புப் பொட்டலம், காகிதக் கோப்பையில் தண்ணீர், பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு, அவள் அம்மாவின் போட்டோ, ஒரு ஆப்பிள். வடக்கு எது என்று பார்க்க ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தாள். வளைவுக்கு வளைவு முள் ஆடியது. அதை அணைத்துவிட்டு, "வண்டி போற பக்கம்தான் இன்னிக்கு வடக்கு" என்ற பொருளில் ஏதோ சொன்னாள். சுட்டுவிரலை நீட்டி, கீழ்ப்படுக்கை, கதவு, தொட்டி, என் முழங்கால் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தாள்.

அப்புறம் ஆப்பிளை எடுத்தாள். நாம் காம்பிலிருந்து அடி வரைக்கும் நறுக்குவோம். அவள் படுக்கை வசத்தில், இடுப்பில் நறுக்கினாள். உணவகப் பெட்டியில் கேட்டு வாங்கிய மேசைக்கத்தி என்பதால் சதை வழுக்கி வழுக்கி, பாதி நறுக்கும் பாதி பிளப்புமாகத்தான் வந்தது. இரண்டு பாதியின் நடுவிலும் விதைக்கூடு ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தது. ஒரு அறையில் விதை இல்லை. அந்தக் காலி அறையில் விரலை வைத்து அம்மாவின் பெயரைச் சொன்னாள். வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பும் வரை நாங்கள் பேசவில்லை. வட்டத்தைத் திறந்த பிறகு ஒரு பாதியை நான் சாப்பிட்டேன். மறு பாதியைக் காகிதத்தில் சுற்றி வைத்து, காலையில் நெஸ் ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் வைத்தாள். அவள் வீட்டு வட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி கத்தி. வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கைப்பையில் எடுத்துப்போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய பெட்டிக்குள் வைத்தாலும் சிக்கல்தான். அதாமே எனப்படும் அந்தச் சடங்குக் கத்தி பெரும்பாலும் இரண்டு பக்கமும் விளிம்புள்ள குத்துவாள் வடிவம். அந்த வகையை முன் அனுமதி இல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது தடை செய்யப்பட்ட ஆயுதமும்கூட. இங்கிலாந்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது பற்றிய 1988-ஆம் வருடச் சட்டம் மதக் காரணத்தை ஒரு தற்காப்பாக ஏற்கிறது. அந்த நினைப்பில் அங்கே போய் நிற்க வேண்டாம். பல விக்கா மரபுகளில் அதாமேயால் எதையும் வெட்டக்கூடாது, திசை காட்டவும் வட்டம் வரையவும் மட்டும்தான் அது. அதற்குச் சுட்டுவிரல் போதும் என்று அவர்களுடைய நூல்களே சொல்கின்றன. உலர்ந்த மூலிகை, இறகு, மரக்கோல், தேன் எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். எடுத்துப்போகாமல் இருப்பது அதைவிட நல்லது. உப்பும் தண்ணீரும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

விக்காவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஜெரால்ட் கார்ட்னரே வாழ்க்கையில் பாதியைப் பயணத்தில் கழித்தவர். 1884-இல் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா என்பதால் வெயில் ஊர்களுக்குக் கூட்டிப்போனார்கள். இளைஞனாக இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். நம் ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதே மலைகள். அப்புறம் போர்னியோ, மலாயா ரப்பர் தோட்டங்கள், ஜோகூர் சுங்கத்துறை. மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைத் தேடித்தேடிப் படித்து 1936-இல் ஒரு நூலே எழுதினார். விக்காவில் கத்திக்கு இத்தனை மரியாதை வந்ததில் அந்தக் கிரிஸுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 1951-இல் இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகுதான் அவரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. 1964-இல் லெபனானிலிருந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார், துனிசியாவில் அடக்கம் செய்தார்கள். வருடத்தின் எட்டுத் திருநாள்களை ஒரே சக்கரமாகக் கோத்ததும் அவர் காலத்தில், 1950-களில்தான். மாற்றவே முடியாத தொன்மை என்று உங்கள் மனைவி நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். ஒரு முறை என் தோழி ஒரு விடுதி அறையில் மூலிகைக் கட்டைக் கொளுத்தினாள். புகை மணி அடித்து, நள்ளிரவில் அந்த விடுதியே தெருவில் வந்து நின்றது. இரவு உடையோடு ஒரு வயதான தம்பதி குளிரில் கைகோத்து நின்றார்கள். அந்த அம்மாளுக்குக் கைகள் நடுங்கின. விக்காவில் பெரும்பாலோர் ஏற்கும் ஒரே விதி, யாருக்கும் தீங்கு இல்லாத வரை உன் விருப்பப்படி செய் என்பது. தோழி தன் கோட்டைக் கழற்றி அந்த அம்மாள் தோளில் போட்டாள். அன்றிலிருந்து வெளியூரில் அவளுக்குப் பேட்டரி விளக்குதான். விக்டோரியாவில் கோடையில் காட்டுத்தீ ஆபத்துள்ள நாள்களை 'முழு நெருப்புத் தடை' நாள் என்று அறிவிப்பார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றக்கூடாது. அங்கே காட்டுத்தீயில் வீடுகளும் உயிர்களும் போயிருக்கின்றன. உங்கள் அக்காவைக் கேட்டால் சொல்வார்.

யூலா, கோடைத் திருநாளா என்பதுதான் கஷ்டமான கேள்வி. இங்கே லீட்ஸில் டிசம்பர் 21 அன்று பகல் சுமார் ஏழரை மணி நேரம். மெல்பர்னில் அதே சமயம் கிட்டத்தட்ட பதினாலே முக்கால் மணி நேரம். யூல் என்பது சூரியன் திரும்பி வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்து காத்திருப்பது. இரவு எட்டரைக்கும் வெயில் அடிக்கும் ஊரில் எந்தச் சூரியனுக்குக் காத்திருப்பார்? ஆஸ்திரேலியாவில் உள்ள விக்காக்காரர்களில் மிகப் பலர் சக்கரத்தையே ஆறு மாதம் திருப்பிக்கொண்டார்கள். டிசம்பரில் கோடைத் திருநாளான லிதா, ஜூனில் யூல். நம் ஊரை நோக்கியே நாள் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதனால் இதன் கனம் நமக்குப் புரியும். மார்கழிக் கோலத்தைக் கொதிக்கும் வெயிலில் போடுகிறவர்கள் எத்தனை பேர் அந்த ஊரில்!

என் அபிப்பிராயம், உங்கள் மனைவி லிதாவையே செய்யட்டும். விக்கா பருவத்தைப் பார்த்துச் செய்யும் வழிபாடு. ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துச் செய்தால், எல்லாப் பொருளும் கூடவே இருந்தாலும் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. நாளையும் கவனிக்கச் சொல்லுங்கள். இங்கே 21-ஆம் தேதி வரும் சூரியன் திரும்பும் கணம், சில வருடங்களில் மெல்பர்ன் நேரப்படி 22-ஆம் தேதியாகிவிடும். அதற்கு மேலும் வீட்டை நினைத்து மனம் ஏங்கினால், அன்றைக்கு ராத்திரி லீட்ஸின் இருட்டுக்காகவும் ஒரு நிமிடம் உட்காரலாம்.

திசையும் மாறும். இங்கே நடுப்பகலில் சூரியன் தெற்கே நிற்கிறது, அதனால் நெருப்பு தெற்கில், மண் வடக்கில். அங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது, தெற்கிலிருந்து அண்டார்க்டிகாவின் குளிர்காற்று வருகிறது. அதனால் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றி, வட்டத்தையும் இடப்பக்கமாகச் சுற்றிப் போடுகிறார்கள். மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். போய் இறங்கிய முதல் மூன்று நாள் எந்தச் சடங்கும் செய்யாமல், காலையில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, மாலையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நிலா அங்கே நமக்குத் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு வலமா இடமா என்று அவருக்கே தெரிந்துவிடும். மெல்பர்ன் வுருண்ட்ஜெரி, பூனுரோங் பழங்குடி மக்களின் நிலம். அவர்களுடைய சின்னங்களை எடுத்துத் தன் சடங்கில் சேர்க்க வேண்டாம். கல்லோ இறகோ பொறுக்கி வரவும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் அக்கா வீடு. பூஜையறைக்குள் எதையும் வைக்க வேண்டாம். அது உங்கள் அக்காவின் இடம், அங்கே அவர் வைத்ததுதான் இருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுக்கும் அறையில் ஒரு தட்டு போதும். உப்பு, தண்ணீர், அந்தத் தோட்டத்துப் பூ ஒன்று. முடிந்ததும் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் மறைத்துச் செய்யாதீர்கள். மூடிய கதவுக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். ஆங்கிலத்தில் அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சொல்லை அகராதி பார்த்துத் தமிழில் சொல்லிவிடாதீர்கள். 'சூனியக்காரி' என்ற சொல்லைக் கேட்ட பிறகு அக்கா காதில் வேறு எதுவும் ஏறாது. அந்தச் சொல்லால் நம் ஊர்களில் பெண்கள் பட்ட அடி கொஞ்சமில்லை. 'இவ சூரியன், நிலா, மழை, அறுவடைன்னு பருவத்தை வெச்சுக் கும்பிடுறா. அமாவாசை, பௌர்ணமி பார்க்கிறா. இறந்தவங்களுக்குப் படைக்கிறா' என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மூன்றையும் உங்கள் அக்கா தன் வாழ்க்கையில் செய்துகொண்டுதான் இருப்பார்.

வட்டம் முடியும்போது ஏதாவது ஒரு தின்பண்டமும் குடிப்பதற்கு ஏதாவதும் பகிர்ந்துகொள்வது அவர்கள் வழக்கம். கேக்கும் மதுவும்தான் வேண்டும் என்றில்லை. அக்கா சுட்ட முறுக்கும் ஒரு தம்ளர் மோரும் போதும். வாங்க மனமிருந்தால் அக்காவுக்கும் ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா